ஹெச்.ஆர். வேலைக்கு ஜே.டி. எழுதுவதற்கு முன் காலண்டரை எடுங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 11 வருடமாக ஹெச்.ஆர். பார்க்கிறேன். எனக்கு உதவியாக ஒருவரை எடுக்க முதன்முதலில் போட்ட ஜே.டி. (என்ன வேலை, என்ன தகுதி என்று சொல்லும் குறிப்பு), நெட்டில் சுட்டது. 'துடிப்பானவர், அனைவருடனும் இணைந்து பணியாற்றுபவர்' என்று பத்து வரி. எம்.பி.ஏ. முடித்த ஒரு தம்பி சேர்ந்தார், மூன்றாவது வாரமே கிளம்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சனிக்கிழமை ராத்திரி 9 மணி வரை உட்கார்ந்து டெய்லர்களின் பீஸ் ரேட் (தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி) கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று அந்தப் பத்து வரியில் எங்கேயும் இல்லையே.

இப்போதெல்லாம் எழுத உட்கார்ந்தால் முதலில் காலண்டரைத்தான் எடுப்பேன். வாரா வாரம் சனிக்கிழமை சம்பளம். மாதம் 15-ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டையும் கட்ட வேண்டும். தீபாவளிக்கு முன்னால் போனஸ் பட்டியல். இப்படித் தேதி வாரியாகக் குறித்துக்கொண்டால் பாதி ஜே.டி. முடிந்தது.

அப்புறம், 'பி.எஃப். அனுபவம் தேவை' என்று மொட்டையாக எழுதாதீர்கள். 'மாதா மாதம் 340 பேருக்கு இ.சி.ஆர். (பி.எஃப். மாதக் கணக்கு) தயாரித்து ஏற்ற வேண்டும், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு யு.ஏ.என். (பி.எஃப். எண்) எடுக்க வேண்டும், விலகியவர்களுக்கு விலகிய தேதியைப் பதிய வேண்டும்' என்று எழுதுங்கள். அந்தக் கடைசி வேலையை விட்டால் ஆள் பி.எஃப். பணத்தை எடுக்கத் திண்டாடி ஆறு மாதம் கழித்து கேட்டில் வந்து நிற்பார். இப்படி எழுதியதில் ஒரு லாபம்: "இ.சி.ஆர். போட்டிருக்கேன், இ.எஸ்.ஐ. பக்கம் போனதில்லைங்க" என்று போனிலேயே சொல்லிவிடுகிறார்கள். இ.எஸ்.ஐ.க்கு கம்பெனி 3.25, தொழிலாளி 0.75 என்ற சதவீதக் கணக்கை நான் சொல்லிக்கொடுத்துவிடலாம். நேர்மையை எங்கே போய்ச் சொல்லிக்கொடுப்பது?

படிப்பு எந்த டிகிரியாக இருந்தாலும் சரி. எங்கள் லைனில் ஒடிசா, பீகார் ஆட்கள் நிறைய என்பதால் இந்தி பேசத் தெரிவதுதான் அவசியம். அதை முதல் தகுதியாகவே போட்டேன். சம்பளத்தையும் தொகையாகவே எழுதினேன். 'தகுதிக்கேற்ப' என்று போட்டால் பேரத்துக்குத்தான் ஆள் வரும்.

ராத்திரி வேலை இருக்கிறதே, 'ஆண்கள் மட்டும்' என்று சேர்க்கலாம் என்றார் முதலாளி. ஆள் எடுப்பதில் ஆண், பெண் பேதம் பார்க்கக் கூடாது என்பது சட்டம். வேலை நேரத்தை மட்டும் தெளிவாகப் போட்டுவிட்டு, அந்த வரியை வெட்டினேன். போதாக்குறைக்கு, 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாலியல் புகாருக்கு உள்ளகக் குழு வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. அதன் கூட்டங்களை ஏற்பாடு செய்வதும் இந்த ஆளின் வேலைதான்.

அதிகாரம் எதுவரை என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். எங்களிடம் மெமோவை உதவியாளர் எழுதுவார், கையெழுத்து என்னுடையது. இதைச் சொல்லாமல் விட்டால் சூப்பர்வைசர்கள் அவரைப் பந்தாடிவிடுவார்கள்.

எழுதி முடித்ததும் டைம் ஆபீஸ் பெண்ணிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள்.

"எல்லாம் சரிங்க்கா. சரக்கு வாங்கற பையர் ஆடிட்டுக்கு வர்றதுக்கு முந்தின ராத்திரி ஃபைல் அடுக்கறதை விட்டுட்டீங்களே?"

அதையும் சேர்த்துத்தான் போட்டோம்.