‘இயேசு யாருக்காக மரித்தார்?’ வாக்குவாதம் கைமீறாமல் நடத்த

யாங்கூனில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் இரு சபையாரும் வருகிறார்கள். இயேசு எல்லாருக்காகவும் மரித்தாரா, தேவன் தெரிந்துகொண்டவர்களுக்காக மட்டுமா என்ற கேள்வி எழுந்தால் ஆளாளுக்கு வசனம் வீசுவதை முதலில் நிறுத்துங்கள். யோவான் 10, 1 யோவான் 2 இரண்டையும் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். ஒன்றில் மேய்ப்பர் ஆடுகளுக்காக ஜீவனைக் கொடுக்கிறார். மற்றதில் பலி சர்வலோகத்துக்கும்.

பிறகு வரலாறு, சுருக்கமாக. 1610-இல் அர்மினியர்கள் (நெதர்லாந்து இறையியலாளர் அர்மினியஸைப் பின்பற்றியவர்கள்), கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார், விசுவாசிக்கிறவனே பலனடைகிறான் என்றார்கள். 1618–19-இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சீர்திருத்த சபைகளின் ஆலோசனைச் சங்கம் அதை மறுத்தது. ஆனால் அந்த மரணம் உலகம் முழுவதற்கும் போதுமானது என்று அதுவும் எழுதியிருக்கிறது. இரட்சிக்கும் பலன் தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கே என்பதுதான் அதன் நிலை. இந்த இடத்தில் நேரம் செலவழியுங்கள். எல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள் என்று இரு தரப்புமே சொல்லவில்லை என்பது தெரிந்ததும் பாதிக் குரல்கள் தாமாகவே தணியும். (மீதிப் பாதி தணியாது, பெரியவர்கள் விஷயம் அப்படி.)

அடுத்து, ஒவ்வொருவரும் எதிர்த்தரப்பு வாதத்தை அவர்கள் ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லட்டும்.

பக்கத்து வீட்டு பௌத்தர் கதி என்ன என்று யாராவது கட்டாயம் கேட்பார். அது சுவிசேஷத்தைக் கேளாதவர்களைப் பற்றிய வேறு கேள்வி. அதை அடுத்த வாரத்துக்கு ஒதுக்கிவிட்டுத் தேநீர் கொடுங்கள்.