தாத்தா சட்டையில் பை எந்தப் பக்கம்?

பாம்பன் கரையில் தாத்தா நிற்கும் கருப்பு வெள்ளைப் படம். எங்கே, எப்போது எடுத்தது என்று வீட்டில் ஓயாத வழக்கு. பின்பக்கம் தேதியும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் போடாமல் போனில் படமெடுத்துப் பெரிதாக்கினேன். முகத்தை விட்டுவிட்டு ஓரங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பின்னால் ரயில் பாலமும், நடுவே கப்பலுக்குத் திறக்கும் தூக்குப் பகுதியும் தெரிந்தன. சாலைப் பாலத்தின் தூண்கூட இல்லை. ரயில் பாலம் 1914, சாலைப் பாலம் 1988. சரி, இடைப்பட்ட காலம். ஆனால் நேரில் போய் நின்றால் பாலம் எதிர்ப்பக்கம் போகிறது! "அது வேற ஊருப்பா" என்று சித்தப்பா சாதித்ததும் இதனால்தான்.

விடை சட்டையில் இருந்தது. பை வலது மார்பில். பொத்தான் பட்டியும் ஆண்கள் சட்டைக்கு மாறாக. ஸ்டுடியோவில் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். போனில் இடவலமாகத் திருப்பியதும் பாலம் தன் பக்கத்துக்கு வந்துவிட்டது.

தாத்தா இடுப்பில் இருப்பது பெரிய அத்தை, பிறந்தது 1961. கைக்குழந்தைதான். அப்படியென்றால் 1964 டிசம்பர் புயல் பாலத்தின் கர்டர்களை வாரிக்கொண்டு போவதற்கு முன்பு எடுத்தது.

சித்தப்பா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. டெய்லர் பையை மாற்றித் தைத்துவிட்டாராம்.