லாங்கார்ம் குயில்ட்டுக்கு மேல் நூல், பாபின் நூல் தேர்ந்தெடுப்பது எப்படி

மேல் துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்தது குயில்ட்; அதைத் தைக்கும் நீண்ட கை இயந்திரம்தான் லாங்கார்ம். மேல் நூல் ஊசி வழியாக வரும், பாபின் நூல் அடியிலிருந்து வரும். கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கம் தையல் சாமான் வாங்கப் போனால் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் இயந்திரத்துக்கான நூல் கோன்தான் முதலில் கண்ணில் படும். விலையும் மலிவு. வாங்குவதற்கு முன் ஒரு முழம் இழுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நூலின் இருபக்கமும் பஞ்சு முடி சிலிர்த்து நின்றால், அது குட்டை இழைகளை முறுக்கிச் செய்த ஸ்பன் பாலியஸ்டர். சட்டை ஓரம் அடிக்க அது போதும். லாங்கார்ம் நிமிடத்துக்கு 1,500 தையலுக்கு மேலும் ஓடும். அந்த வேகத்தில் பஞ்சு உதிர்ந்து நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டிலும், அடியில் இரு நூலையும் பிணைக்கும் கொக்கியிலும் அடைத்துக்கொள்ளும். நம் ஊர் ஈரக்காற்றில் அது எண்ணெயோடு சேர்ந்து பசைபோல ஆகிவிடும்.

கோனில் உள்ள எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். வெயிட், டெக்ஸ் இரண்டும் நூலின் பருமனைச் சொல்லும் அளவுகள். ‘40 வெயிட்’ என்றால் ஏறக்குறைய டெக்ஸ் 25. ‘40/2’ வேறு கணக்கு: 40ஆம் நம்பர் இழை இரண்டு புரி, ஏறக்குறைய டெக்ஸ் 30. இரண்டிலும் 40 இருக்கிறது, ஆனால் பின்னது தடிமன். வெயிட் எண் கூடினால் நூல் மெலியும். டெக்ஸ் எண் கூடினால் தடிக்கும். லேபிளில் டெக்ஸ் இருந்தால் அதை வைத்தே ஒப்பிடுங்கள்.

மேல் நூலுக்குப் புதியவர்கள் 40 வெயிட் ட்ரைலோபல் (முக்கோண வெட்டுமுக இழை) பாலியஸ்டரில் தொடங்குவது நல்லது. ஐஸகார்ட், கிளைட் இரண்டும் இந்த வகைதான். பளபளப்பும் உறுதியும் உண்டு, பஞ்சு உதிராது. கோடு தெரியாமல் அமைப்பு மட்டும் தெரிய வேண்டுமா, நெருக்கமான நுண்கோலம் போடப் போகிறீர்களா? 50 அல்லது 60 வெயிட்டுக்குப் போங்கள். பருத்தி நூலின் மங்கல் அழகு தனி. ஆனால் அதற்கு ஒவ்வொரு பாபின் மாற்றும்போதும் கொக்கியைத் துடைக்கப் பொறுமை வேண்டும்.

ஊசியும் நூலோடு சேர்ந்தே மாற வேண்டும். 60, 50 வெயிட்டுக்கு 90/14, 40க்கு 100/16, 30 வெயிட் பருத்திக்கு 110/18.

பாபின் நூல் மேல் நூலின் அளவே இருக்கலாம், மெலிதாகவும் இருக்கலாம். தடிப்பாக மட்டும் வேண்டாம். 60 வெயிட் வழவழப்பான பாலியஸ்டர் எல்லா மேல் நூலுக்கும் ஒத்துப்போகும், ஒரு பாபினில் அதிக நீளமும் ஏறும். எம்பிராய்டரி கடையில் கிடைக்கும் வெள்ளை பாபின் நூலையே போட்டால் என்ன என்று கேட்பார்கள். எம்பிராய்டரியில் மேல் நூல் அடிப்பக்கம் இழுபடும்படிதான் டென்ஷன் வைப்பார்கள். குயில்ட்டில் இரு நூலும் பிணையும் முடிச்சு நடுப்பஞ்சுக்குள் உட்கார வேண்டும், இருபக்கமும் பார்வைக்கு வரும். கறுப்பு மேல் நூலுக்கு அந்த வெள்ளையைப் போட்டால், டென்ஷன் சரியாக இருந்தாலும் ஊசித் துளைதோறும் வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்க்கும். எனவே இரண்டும் ஒரே நிறம், முடியாவிட்டால் அடுத்த சாயல். அடித்துணிக்குப் பூப்போட்டதை எடுத்தால் சின்னக் குறைகள் மறைந்துவிடும்.

டென்ஷனைக் கீழிருந்து தொடங்குங்கள். பாபினை அது உட்காரும் உலோகக் கேஸில் போட்டு நூல் முனையைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாக இறங்கக் கூடாது. மெல்லச் சுண்டினால் இரண்டு மூன்று அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் தளர்வு, அசையவே இல்லை என்றால் இறுக்கம். கேஸில் உள்ள பெரிய திருகைக் கடிகார முகத்தில் ஐந்து நிமிட அளவுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். பாபின் டென்ஷனை அளக்கும் டோவா அளவி இருந்தால் 180 முதல் 220க்குள் தொடங்கலாம். பிறகு அதே துணி, அதே நடுப்பஞ்சு வைத்து ஓரத்தில் தைத்துப் பாருங்கள்: நான்கு திசையிலும் கோடு, பிறகு வட்டம், வேலை செய்யும் அதே வேகத்தில்.

அடிப்பக்கத்தை நகத்தால் தடவுங்கள். பாபின் நூல் கம்பி போல நேராகக் கிடந்து நகத்தில் மாட்டினால் மேல் டென்ஷன் போதவில்லை. மேற்பக்கத்தில் மேல் நூல் அப்படிக் கிடந்தால் மேலே இறுக்கம் அதிகம். வளைவுகளில் மட்டும் அடியில் நூல் இழுபட்டு நின்றால், முதலில் கையின் வேகத்தைக் குறைத்து, பிறகு மேல் டென்ஷனைச் சற்று ஏற்றுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது வரிசையின் நடுவில் தளர்ந்தால் திருகைத் தொடாதீர்கள். கேஸின் தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் பஞ்சுத் துணுக்கு மாட்டியிருக்கும். விசிட்டிங் கார்டின் மூலையை மெல்ல நுழைத்து எடுத்துவிடலாம்.

மேல் நூல் ஒரே திசையில் போகும்போது மட்டும் அறுந்தால், ஊசி அந்தப் பக்கம் வளைந்து நூலை உரசுகிறது. புது ஊசி போடுங்கள்; அப்படியும் அறுந்தால் ஒரு அளவு பெரிய ஊசி. அடியில் பாத்திக் (மெழுகிட்டுச் சாயம் ஏற்றிய துணி) வைத்தவர்களுக்கு இது அடிக்கடி வரும். பாத்திக் நெசவு நெருக்கமானது, ஊசி சிரமப்பட்டு இறங்கும், முடிச்சும் உள்ளே புதையாமல் மேற்பரப்பிலேயே நிற்கும். அதற்கு 50 வெயிட் மேல் நூல், கூர் மழுங்காத ஊசி, கொஞ்சம் மெதுவான ஓட்டம். மேலும் கீழும் ஒரே நிற நூல் என்பது பாத்திக்குக் கட்டாயம்.