டெஸ்டர் பாஸ் சொன்னால் போதுமா? மொபைல் ரேடியோ சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் இருக்கும், மொபைல் கருவிகளின் ரேடியோவை டெஸ்டர் என்ற அளவுப் பெட்டியில் மாட்டிச் சோதிக்கும் எங்கள் அறைக்கு இரண்டு பையன்கள் பயிற்சிக்கு வந்தார்கள். பொறியியல் முடித்தவர்கள், கெட்டிக்காரர்கள். மூன்றாம் நாள் காலையில் ஒருவன், "அண்ணா, இந்த மாட்யூல் லாட்டே சரியில்லைங்க. 2300 மெகாஹெர்ட்ஸ்ல மட்டும் பவர் கம்மியா காட்டுது" என்றான். எனக்கு அடிவயிற்றில் ஏதோ புரண்டது. எழுந்து போய் மேஜையில் இருந்த கேபிளைப் பார்த்தேன். நினைத்ததேதான்.

டெஸ்டரை எர்த் செய்யாமல் ஓட்டுவது, கனெக்டரைப் பிளையரால் முறுக்குவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதையெல்லாம் ஒரு தடவை திட்டு வாங்கினால் யாரும் மறுபடி செய்ய மாட்டார்கள். திட்டு வாங்கியும் திரும்பத் திரும்ப நடப்பவை வேறு.

கேபிள் இழப்பை மறப்பது

இதில் நான் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் சங்ககிரி லாரிகளில் பொருத்துவதற்கான டிராக்கர் கருவிகளைச் சோதித்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. உள்ளே 4ஜி மாட்யூல், அதாவது சிக்னல் அனுப்பி வாங்கும் சிறு ரேடியோ பலகை. எல்டிஇ, அதாவது 4ஜி கருவிகளில் நாம் வழக்கமாகப் பார்ப்பது மூன்றாம் பவர் கிளாஸ்: அதிகபட்ச வெளியீடு 23 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை அடிப்படையாக வைத்த பவர் அளவு), கூடக் குறைய 2 டெசிபல். மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 36.521-1 சோதனை ஆவணம் அளவீட்டுப் பிழைக்காக இதில் இரு பக்கமும் 0.7 டெசிபல் தளர்த்துகிறது. ஆக 20.3 முதல் 25.7 வரை பாஸ். இது 3 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பேண்டுகளுக்கு, அதாவது அதிர்வெண் பட்டைகளுக்கு. அதற்கு மேலே தளர்வு கொஞ்சம் கூடும்.

முதல் நாள் அரை மீட்டர் கேபிள் ஒன்றின் இழப்பை (சிக்னல் அதன் வழியே போகும்போது எவ்வளவு குறைகிறது என்பதை) ஒழுங்காக அளந்து டெஸ்டரில் ஏற்றினேன். 2300 மெகாஹெர்ட்ஸில் 0.8 டெசிபல், 850இல் அதில் பாதி. எல்லாம் சரி. மறுநாள் பக்கத்து மேஜைக்கு அந்தக் கேபிள் தேவைப்பட்டது. டிராயரில் கிடந்த ஒன்றரை மீட்டர் கேபிளை எடுத்து மாட்டிக்கொண்டேன். டெஸ்டரில் ஏற்றிய இழப்புப் பட்டியலை மாற்றவில்லை. அந்தக் கேபிள் 2300இல் 2.3 டெசிபல் தின்னும். அதாவது கருவி உண்மையில் 22 டிபிஎம் விட்டால் திரையில் 20.5 என்று வரும்.

இந்தத் தவறு வந்து நிற்கும் விதம்தான் எனக்கு இன்னும் எரிச்சல். எல்லாமே ஃபெயில் ஆகியிருந்தால் அன்றே சந்தேகம் வந்திருக்கும். 22 விடுபவை பாஸ் ஆயின, 21.7 விடுபவை ஃபெயில் ஆயின. 850இல் வித்தியாசம் சிறியது என்பதால் அங்கே ஒன்றுகூட விழவில்லை. 60இல் 17 ஃபெயில், அதுவும் ஒரே பேண்டில். பார்ப்பவருக்கு மாட்யூல் தரக்குறைவு என்று அச்சு அசலாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பதினேழையும் பெட்டி கட்டி, காரசாரமாக ஒரு கடிதமும் எழுதி, சப்ளையருக்கு அனுப்பினேன்.

பத்து நாளில் பெட்டி திரும்பி வந்தது. பதினேழும் பாஸ், அளவுகளோடு. கூடவே ஒரே வரி: உங்கள் கேபிள் இழப்பைச் சரிபார்க்கவும். போக வரக் கூரியர் செலவு, அவர்கள் சோதனைக் கட்டணம், லாரிக்காரரிடம் வாங்கிய பேச்சு, எல்லாம் என் கணக்கில். பணத்தைவிட அந்த ஒரு வரி ரொம்ப நாள் உறுத்தியது.

இதன் அடியில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. "டெஸ்டர் கேலிபரேட் ஆகியிருக்கிறது, சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறது, அப்புறம் என்ன?" ஆய்வகத் தரத்துக்கான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் பெற்ற ஆய்வகமே கொடுத்த சான்றிதழாக இருக்கட்டும், அது டெஸ்டரின் முகப்பில் உள்ள கனெக்டர் வரைக்கும்தான் பேசும். அதற்கு இந்தப் பக்கம் கேபிள், அடாப்டர், போர்டில் இருக்கும் குட்டி டெஸ்ட் சாக்கெட் எல்லாம் நம் பொறுப்பு. 3ஜிபிபி சொல்லும் 0.7 டெசிபல் பிழை வரம்பு இந்தச் சங்கிலி முழுவதற்கும் சேர்த்துத்தான். டெஸ்டருக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டால் கேபிளே அதைச் சாப்பிட்டுவிடும்.

பேண்டுக்கு ஒரு மதிப்பு வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அதிர்வெண் ஏற ஏற இழப்பு ஏறும். 850இல் அளந்ததை எல்லாப் பேண்டுக்கும் போடுவது என் தவறின் தம்பி.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. கருவிக்கும் டெஸ்டருக்கும் இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) சரியாகப் பொருந்தாவிட்டால் சிக்னலில் ஒரு பங்கு திரும்பி வந்து மோதும். கருவியின் விஎஸ்டபிள்யூஆர் (பொருந்தாமையின் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 2, டெஸ்டருடையது 1.2 என்று வைத்தால் அதனால் மட்டுமே கால் டெசிபல் இப்படியோ அப்படியோ ஆடலாம். கேபிளின் நீளத்தை மாற்றினால் ஆடும் பக்கமும் மாறும். கருவி முனையில் சிக்னலைக் குறிப்பிட்ட அளவு குறைக்கும் ஒரு நல்ல 6 டெசிபல் அட்டெனுவேட்டர் போட்டால் ஆட்டம் அடங்கும். அதன் இழப்பையும் பட்டியலில் ஏற்ற வேண்டும். மறக்காதீர்கள், அங்கேயும் வழுக்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எங்கள் அறையில் ஒவ்வொரு கேபிளிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: எண், அளந்த தேதி, மூன்று பேண்டுகளில் இழப்பு. அதோடு ஒரு கருவியைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒருமுறை அளந்து வாங்கி வந்தது. விற்பனைக்கு அல்ல, யாரும் தொடவும் கூடாது. காலையில் டெஸ்டரை அரை மணி நேரம் சூடாக விட்டு, முதலில் அதைத்தான் சோதிப்போம். குறித்து வைத்த மதிப்பிலிருந்து 0.3 டெசிபலுக்கு மேல் விலகினால் அன்றைய வேலை தொடங்காது. ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தைத்தான் அந்தப் பையன்கள் அன்று தாண்டிக் குதித்திருந்தார்கள்.

ஒரே தளர்வை இரண்டு முறை எடுப்பது

"20 வந்திருக்கு, ஆனா நம்ம டெஸ்டருக்கே அரை டெசிபல் பிழை இருக்குல்லங்க அண்ணா, அதனால பாஸ்தான்." இதைச் சொல்லாத புதியவர் இல்லை.

தம்பி, 21 என்று இருந்த கீழ் எல்லையை 20.3 ஆக இறக்கியதே அந்தப் பிழைக்காகத்தான். மறுபடி எதற்குக் கழிக்கிறாய்? அளவு என்ன வந்ததோ அதை அப்படியே எல்லையோடு ஒப்பிட வேண்டும் என்பதுதான் விதி. உங்கள் சாதனச் சங்கிலியின் பிழை அனுமதித்ததைவிட அதிகமாக இருந்தால் விதி எதிர்ப் பக்கம் திரும்பும்: அதிகமான அளவுக்கு எல்லையை இறுக்க வேண்டும். உங்கள் பிழை 0.7க்குப் பதில் 1.0 என்றால் பாஸ் எல்லை 20.6 முதல் 25.4 வரை. மோசமான சாதனம் வைத்திருப்பவருக்குப் பரீட்சை கஷ்டமாகும், சுலபமாகாது. எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது.

எல்லா பிளாக்கையும் நிரப்பிவிட்டுப் பவர் குறைகிறது என்பது

10 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 50 ரிசோர்ஸ் பிளாக்கையும் (சேனலைப் பிரிக்கும் அதிர்வெண் துண்டுகள்) கொடுத்துவிட்டு 23 வரவில்லை என்று புலம்பக் கூடாது. கியூபிஎஸ்கே என்ற பண்பேற்ற முறையில் 12 பிளாக்கைத் தாண்டினால் கருவி 1 டெசிபல் வரை தானாகக் குறைத்துக்கொள்ளலாம், 16 கியூஏஎம் என்ற இன்னொரு முறையில் 2 வரை. அதற்கு அனுமதி உண்டு. எந்த அமைப்பில் அளந்தீர்களோ அந்த அமைப்புக்கான எல்லையைப் பாருங்கள்.

ஜிஎஸ்எம்மில் சராசரி

ஜிஎஸ்எம், அதாவது 2ஜியில், எட்டு டைம்ஸ்லாட்டில் (நேரத் துண்டில்) ஒன்றில்தான் போன் பேசுகிறது. சாதாரணப் பவர் மீட்டர் முழு நேரத்துக்கும் சராசரி எடுத்தால் 9 டெசிபல் குறைவாகக் காட்டும். போன் பழுது என்று நினைத்து அதைத் திறக்காதீர்கள்.

மூடாமல் சென்சிட்டிவிட்டி சோதிப்பது

சென்சிட்டிவிட்டி என்பது எவ்வளவு மெல்லிய சிக்னல் வரை ரிசீவர் பிடிக்கும் என்பது. 40ஆம் பேண்டில் (2300 மெகாஹெர்ட்ஸ்), 10 மெகாஹெர்ட்ஸ் சேனலுக்கு, ரிசீவர் -97 டிபிஎம்மில் 95 சதவீதத் த்ரூபுட் (தரவு வேகம்) எடுக்க வேண்டும். சோதனைத் தளர்வோடு -96.3. ஜன்னலுக்கு வெளியே அதே பேண்டில் ஒரு டவர் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளிச் சிக்னலைத் தடுக்கும் ஷீல்டு பெட்டி வாங்குங்கள். ஐந்து ரோட்டில் நின்று கிசுகிசு கேட்க முடியாது.

டெஸ்டரில் லிமிட்டை யாரோ மாற்றியிருப்பது

காலையில் பாருங்கள்.

மே மாதம்

சோதனை ஆவணத்தில் "நார்மல்" வெப்பநிலை என்பது 15 முதல் 35 டிகிரி. சேலத்தில் மே மாதம் ஓட்டுக் கூரைக்கு அடியில் அதெல்லாம் காலை ஒன்பது மணிக்கே முடிந்துவிடும். ஏசி வசதிக்காக அல்ல, அளவுக்காக. "ஏற்காட்டுக்கு எடுத்துட்டுப் போய் அளந்துட்டு வரலாமாங்க?" என்று ஒருவன் கேட்டான். இருபது கொண்டை ஊசி வளைவில் டெஸ்டரைக் குலுக்கி எடுத்துப் போனால் அப்புறம் எதைக் கேலிபரேட் செய்வது?

ஏற்காடு என்றதும் இன்னொன்று. மலைப்பாதையில் வளைவுக்குப் பின்னால் டிராக்கரின் தொடர்பு அறுந்துபோகிறது, பவர் குறைவாக அளந்துவிட்டீர்கள் என்று ஒரு காபி எஸ்டேட்காரர் சண்டைக்கு வந்தார். கருவியை எடுத்து அளந்தேன், 22.6. அங்கே பாறையே குறுக்கே நிற்கிறது. ஒரு டெசிபல் கூடினாலும் அது நகராது. அவருக்கு நான் சொன்னது பிடிக்கவில்லை, ஆனால் கேபிள் சீட்டைக் காட்டியதும் சத்தம் குறைந்தது.