பழைய பம்ப் ரைஃபிளும் சிக்கிய கூடும்

டெக்சாஸில் ஒரு துப்பாக்கிக் கடையின் பழைய சரக்கு வரிசையில்தான் அந்த ரோஸி 62 கிடைத்தது. ஜான் பிரவுனிங்கின் வின்செஸ்டர் பம்ப் ரைஃபிளைப் பார்த்து பிரேசிலில் செய்தது, 22 காலிபர். கட்டையெல்லாம் கீறல், விலை 250 டாலர். துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய அரசுப் படிவம் 4473-ஐ நிரப்பினேன், பின்னணிச் சோதனை முடிந்தது, கையில் கொடுத்துவிட்டார்கள்.

மைதானத்தில் முதல் மூன்று குண்டும் சரியாகப் போயின. நாலாவது சுட்டதும், அடுத்த தோட்டாவை ஏற்ற முன்பிடியை இழுக்கிறேன், வரவே இல்லை. கொஞ்சம் முரட்டுத்தனமாக இழுத்ததில் பிடி வந்தது, சுட்ட தோட்டாவின் காலி உலோகக் கூடு உள்ளேயே நின்றுவிட்டது.

கூட்டைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் தேய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். புதிது ஆர்டர் போடும் முன், தோட்டா எதுவும் இல்லை என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, பக்கத்துத் திருகைக் கழற்றினேன். துப்பாக்கி இரண்டாகப் பிரிந்தது. டார்ச் அடித்தால், தோட்டா உட்காரும் சேம்பருக்குள் கருப்பாக ஒரு வளையம்!

முன்பு வைத்திருந்தவர் 22-இன் குட்டை வகையான ஷார்ட் தோட்டாவாகவே சுட்டிருக்க வேண்டும். அதன் கூடு சுமார் 10.7 மி.மீ., நான் சுட்ட, நீளமான லாங் ரைஃபிள் வகைத் தோட்டாவின் கூடு 15.6 மி.மீ. குட்டைக் கூட்டுக்கு முன்னால் படிகிற கரியும் ஈயமும் நீளமான கூட்டைப் பிடித்துக்கொள்ளும்.

கரைப்பான் ஊற்றி இரவெல்லாம் ஊறவிட்டு, காலையில் வெண்கல பிரஷ்ஷைச் சுழற்றித் தேய்த்தேன். ஏழெட்டுத் துணி கருப்பாயின. எக்ஸ்ட்ராக்டர் கொக்கியடியில் இருந்த அழுக்கைப் பல்குச்சியால் நோண்டினேன்.

அடுத்த சனிக்கிழமை நூறு தோட்டா. ஒன்றுகூடச் சிக்கவில்லை. எக்ஸ்ட்ராக்டர் பழையதேதான்.