கூடிப்போன 2 தினார்

ஹட்டனில் தேயிலை ஏற்றுமதிக் கணக்கு பார்க்கிறேன். விற்பனை மென்பொருளிலிருந்து பேரேட்டு மென்பொருளுக்கு இன்வொய்ஸ் தானாகவே போகும். குவைத்துக்கு 400 கிலோ, கிலோ 1.275 தினார், 510 வர வேண்டும். பேரேட்டிலோ 512! மழையில் கரண்ட் போய் வந்ததால் வந்த கோளாறு என்று ஒரு நாள் முழுக்க இரண்டு மென்பொருளையும் இணைக்கும் லைனைச் சந்தேகித்தேன். வீண்.

இலங்கை ரூபாய்க்கு 2 தசம இடம், குவைத் தினாருக்கு 3, ஜப்பான் யென்னுக்கு ஒன்றுமே இல்லை. பேரேடு எல்லாவற்றையும் ரூபாய் போலவே நினைத்து, விலையை 1.28 ஆக்கிவிட்டது. சரி என்று நாணய அமைப்பில் தினாருக்கு 3, யென்னுக்கு 0 போட்டேன். அப்புறம் கிலோ விலைக்கு 4 இடம் கொடுத்து, தசமங்களைச் சுருக்கி முழுமையாக்குவதை மொத்தத் தொகையில் மட்டும் வைத்தேன். பழைய இன்வொய்ஸை ரத்துச் செய்து மறுபடி அனுப்பினேன்: 510.000.