ஹார்ஸ் மஷ்ரூம் பறிக்கும்போது செய்யக்கூடாதவை

இங்கிலாந்தில் கோடை கடைசியில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும், ஆடு மாடு மேயும் புல்வெளிகளில் ஹார்ஸ் மஷ்ரூம் முளைத்துவிடும். கடையில் வாங்கும் பட்டன் காளானின் நெருங்கிய சொந்தம்தான். குடை 20 சென்டிமீட்டர் வரை விரியும், ருசியும் ஒரு படி மேல்.

பலர் செய்யும் தவறு, மண் ஒட்டாமல் இருக்கட்டும் என்று தண்டைப் பாதியில் அறுத்து எடுப்பது. ஆளைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமே அடித்தண்டில்தான் இருக்கிறது. யெல்லோ ஸ்டெய்னர் என்று ஒன்று உண்டு. பார்வைக்கு அச்சு அசல் இதே காளான். சாப்பிட்டால் வாந்தியும் பேதியும்தான். வேரோடு பிடுங்கி, அடித்தண்டை நெடுக்காகக் கீறிப் பாருங்கள். ஸ்டெய்னர் என்றால் கண் முன்னாலேயே பளீரென்று மஞ்சளாகும். நல்ல காளானும் குடையைத் தேய்த்தால் மெல்ல மஞ்சளாகும், ஆனால் அடித்தண்டின் உட்சதை அப்படிப் பளிச்சிடாது. அதனால் ‘மஞ்சளானால் விஷம்’ என்பது அரைகுறைப் பேச்சு. எங்கே, எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் கணக்கு. அப்புறம் மூக்கை நம்பலாம்: நல்லதில் சோம்பு வாசனை, கெட்டதில் ஃபீனைல் நாற்றம். சட்டியில் போட்டால் அந்த நாற்றம் இன்னும் தூக்கும். யெல்லோ ஸ்டெய்னர் சிலருக்கு ஒன்றும் செய்யாது. ‘பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டாரே’ என்று இறங்கிவிடாதீர்கள்.

விரியாத மொட்டுகளைப் பறிப்பது இதைவிட ஆபத்து. மேய்ச்சல் நிலத்து ஓரமாக ஓக் மரம் நின்றால், அதன் வேரை ஒட்டி டெத் கேப் என்ற கொடிய விஷக் காளான் வரலாம்; மொட்டாக இருக்கையில் அதை இதிலிருந்து பிரித்துப் பார்ப்பது கஷ்டம். டெத் கேப்பின் அடியில் ஒரு பை இருக்கும். நம்மூர் வைக்கோல் காளானுக்கும் அடியில் பை உண்டே என்று நம் ஆட்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடும். அங்கே அந்தப் பையைக் கண்டால் கையைக் கழுவிவிட்டு நகர வேண்டியதுதான். நன்றாக விரிந்த பிறகும் குடையடி மடிப்புகள் வெள்ளையாகவே இருந்தாலும் தொடாதீர்கள். ஹார்ஸ் மஷ்ரூமின் மடிப்பு வெளிறி இருந்து, சாம்பல் கலந்த இளஞ்சிவப்பாகி, கடைசியில் சாக்லேட் நிறத்துக்கு வரும்.

வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, பூச்சி கடித்திருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் சும்மா. டெத் கேப் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வாந்தி தொடங்கும். நடுவில் தேறிவிட்டது போலத் தெரியும். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல், மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சாலையோரத்தில் முளைத்ததை விட்டுவிடுங்கள், இந்தக் காளான் காட்மியம் என்ற நச்சு உலோகத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். முதல் தடவை என்றால், தெரிந்தவரிடம் காட்டிய பிறகும் கொஞ்சமாகச் சாப்பிட்டு, உடம்புக்கு ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரியில் காட்ட ஒரு முழுக் காளானைச் சமைக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.